முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு கோஷம்: டர்பனில் வீட்டுத் தொழிலாளர் உரிமைப் பணிக்கு வருவோருக்கு

சமையலறைத் தொட்டிக்கு அடியில், பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்த ஓர் எனாமல் குவளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர் வீடுகளுக்குப் போய்வருபவர்களுக்கு அது புதிதல்ல. உம்லாசி, இனாண்டா போன்ற கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்து விடியற்காலையில் ஷேர் டாக்ஸி பிடித்து வரும் ஜூலுப் பெண்ணுக்கு அதில்தான் டீ. வெள்ளையர் வீடுகளிலும் இப்படித் தனிக் குவளை இருந்தது. அதனால் நிறவெறி ஆட்சி கற்றுக்கொடுத்த பழக்கம் இது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

தலித் பெண்களின் உரிமையையும் வீட்டுத் தொழிலாளர் உரிமையையும் சேர்த்துக் கையிலெடுத்து இங்கே வேலை செய்ய முன்வரும் தமிழருக்காக இதை எழுதுகிறோம். ஊரிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்கும், ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இந்தப் பணியில் கைவிட்டுப் போகும் வழக்குகளில் பல, நியாயம் இல்லாமல் போவதில்லை. தேதி தாண்டியதால் போகின்றன, காகிதம் இல்லாததால் போகின்றன. அதனால்தான் கோஷத்துக்கு முன்னால் நோட்டுப் புத்தகம்.

இதற்கு முன்னுதாரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்துப் பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். காந்தி முதலில் செய்தது கூட்டம் கூட்டியதல்ல. மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதையும் பிரமாண வாக்குமூலத்தையும் எடுத்துக்கொண்டு நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனார். பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார். மருத்துவச் சான்று, வாக்குமூலம், உரிய அலுவலகம் என்ற அந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை.

சாதி கடல் கடந்ததா?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது. அதற்குப் பின் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் இவற்றோடு சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. பறையர் என்று பதியப்பட்டவர்கள் அதில் நிறைய. கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த பிறகு சாதி இளகியது உண்மைதான். ஆனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறார்களே, அந்த நொடியில் அது இன்னும் இருக்கிறது.

இரண்டு போராட்டங்களும் ஒன்று என்று முதலில் கண்டவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னையில் பிறந்த ரூத் மனோரமா பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் பெண்களைச் சங்கமாகத் திரட்டியவர், 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கியவர். சாதி, வர்க்கம், ஆண் ஆதிக்கம் என்று மூன்று பாரமும் ஒரே முதுகில் இருப்பதைத் தொடர்ந்து பேசிவந்தவர். 2001இல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு இதே டர்பனில் நடந்தபோது, சாதியை அதன் பட்டியலில் சேர்க்கச் சொல்லி தலித் இயக்கத்தார் திரளாக வந்தார்கள். இந்திய அரசு எதிர்த்தது. இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் அந்தச் சொல் கிடையாது. அதற்கு வேறு கதவு உண்டு, கீழே வருகிறது.

உட்கார்ந்து கேட்பது

தொழிலாளர் வந்து குறை சொல்ல ஓர் ஆலோசனை மேசை போட முதல் கேள்வி: எந்த நாள்? ஞாயிற்றுக்கிழமை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஞாயிறு வீட்டுத் தொழிலாளர்களுக்குத் தேவாலயம், குடும்பம், ஊருக்குப் பணம் அனுப்பும் வேலை. தங்கி வேலை செய்பவர்களுக்கு வியாழன் பிற்பகல் ஓய்வு என்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். பெண்களின் மன்யானோ ஜெபக் கூட்டங்களும் வியாழனில்தான். ஆகவே வியாழன் மதியம், டாக்ஸி நிற்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை. கோயில் மண்டபம் வேண்டாம். அவருடைய முதலாளியம்மா அங்கே பூச்சரம் கட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

விளிப்பதில் கவனம் தேவை. நாற்பது வயதுக்காரரையும் 'கேர்ள்' என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. பெரியவரை ஜூலுவில் 'மாமா' என்று அழைக்க வேண்டும். அதற்கு அம்மா என்று பொருள். நம் வாய்க்கு முதல் வாரம் சிரிப்பு வரும், பழகிவிடும். திருமணமானவரைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு 'மா' சேர்த்து, மாகுமாலோ, மாட்லாமினி என்பது மரியாதை. ஜூலு பேசத் தெரிந்த ஒருவர் மேசையில் இருந்தே ஆக வேண்டும். கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் சொல்ல முடியாதது நிறைய இருக்கும்.

கேட்க வேண்டியவை: வேலையில் சேர்ந்த தேதி, வாரத்தில் எத்தனை நாள், வந்து போகும் நேரம், சம்பளம், அது கைக்காசா, கைபேசி வழியாக வரும் இ-வாலட்டா, கடைசியாக வாங்கிய தேதி, வேலையை விட்டு அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில் எந்தச் சொற்களால் அனுப்பினார்கள். சேர்ந்த தேதி பலருக்கு நினைவிருக்காது. 'அந்த வீட்டுக் கடைசிப் பையன் பிறந்தப்போ', 'ஏப்ரல் பெருவெள்ளம் வந்தப்போ' என்பார்கள். அதுவும் தேதிதான். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனில் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அடிக்கடி சறுக்கும் இடம் முதலாளியின் பெயர். ஒன்பது வருடம் வேலை செய்தவருக்கும் 'ஆன்ட்டி', 'அங்கிள்' தவிர வேறு பெயர் தெரியாமல் இருக்கும். புகார் விண்ணப்பத்தில் முதலாளியின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். இ-வாலட் குறுஞ்செய்தியில் அனுப்பியவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் பெயர், வாசல் எண், அந்த வீட்டுக்கு வரும் மாநகராட்சி பில்லின் உறையில் அச்சான பெயர் என்று தேடினால் கிடைக்கும். வேலையில் இருப்பவரிடம் இதை இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள். வேலை போன மறுநாள் அந்த வாசலே திறக்காது.

நோட்டுப் புத்தகம்

மளிகைக் கடையில் கிடைக்கும் பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், மதிய இடைவேளை கிடைத்ததா, வழக்கத்துக்கு மேல் என்ன வேலை. எழுத வராதவருக்குக் கடைக் காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் இரண்டு எண்கள், ஞாயிறு வேலைக்கு ஒரு வட்டம். நோட்டு முதலாளி வீட்டில் இருக்கக் கூடாது, கைப்பையோடு வீட்டுக்குப் போக வேண்டும். வாரம் ஒருமுறை பக்கத்தைப் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். டேட்டா இல்லை என்பார்கள். அப்போது 'ப்ளீஸ் கால் மீ' என்ற இலவசக் குறுஞ்செய்தி அனுப்பினால் நீங்கள் திருப்பிக் கூப்பிடுவதாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒரே நாளில் உட்கார்ந்து மூன்று மாதத்தை எழுதி நிரப்பிய நோட்டு ஆபத்து. ஒரே பேனா, ஒரே அழுத்தம், எல்லா நாளும் ஏழிலிருந்து ஐந்து. விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். நினைவிலிருந்து எழுதினால் நினைவிலிருந்து எழுதியது என்று மேலே குறித்துவிடுங்கள்.

கணக்கு

வீட்டுத் தொழிலாளருக்கான சட்டம் இங்கே ஊரைவிட எவ்வளவோ மேல். வீட்டுத் தொழிலாளருக்கான பன்னாட்டு உடன்படிக்கை, அதாவது 189ஆம் எண் உடன்படிக்கை, 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா 2013இல் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது, இந்தியா இன்னும் இல்லை. உள்நாட்டில் 2002இன் துறை நிர்ணயம் 7 என்ற விதிகள் நேரம், விடுப்பு, நோட்டீஸ் எல்லாவற்றையும் சொல்கின்றன. 2019 ஜனவரியில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் வந்தபோது மற்றவர்களுக்கு மணிக்கு 20 ராண்ட், வீட்டுத் தொழிலாளருக்கு மட்டும் 15. அந்த இடைவெளி 2022 மார்ச்சில்தான் முழுதாக மூடியது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 அன்று தொகை மாறும். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. நீங்கள் இதைப் படிக்கும் ஆண்டின் தொகையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

2025 தொகையில் ஓர் உதாரணம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 முதல் மாலை 4 வரை, நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை. மாதம் 3,800 ராண்ட் கைக்கு வருகிறது. நாளுக்கு 8 மணி, வாரம் 40. மாதத்துக்கு 4.333 வாரம் என்று பெருக்கினால் 173.32 மணி. அதை 28.79ஆல் பெருக்கினால் 4,989.88. குறைவு மாதம் 1,189.88 ராண்ட்.

இங்கே நிறுத்தாமல் இன்னொரு கேள்வி கேளுங்கள்: அந்த ஒரு மணி இடைவேளையில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? 'குழந்தை தூங்கும், பக்கத்திலேயே சாப்பிடுவேன்' என்று பதில் வந்தால் அது இடைவேளையே இல்லை. கண்காணிக்க வேண்டிய நேரம் வேலை நேரம், கூலி உண்டு. வாரம் 45 மணி ஆகிறது, மாதம் 5,613.62. குறைவு 1,813.62 ஆகிவிட்டது. ஒரு கேள்வியில் அறுநூறு ராண்டுக்கு மேல்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண வேலை வாரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது. ஐந்து நாள் வேலைக்கு நாளுக்கு 9 மணி, ஆறு நாள் என்றால் 8. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, வழக்கமாக ஞாயிறு வேலை இல்லாதவர் ஞாயிறு வந்தால் இரட்டிப்பு. இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டாலும் 4 மணிக் கூலி, அதாவது 2025 தொகையில் 115.16 ராண்ட். சம்பளத்தோடு ஆண்டுக்கு மூன்று வாரம் விடுப்பு. 36 மாதச் சுற்றில் ஆறு வார வேலைநாள் அளவுக்கு நோய் விடுப்பு. பிரசவத்துக்குத் தொடர்ந்து நான்கு மாதம். மாதம் 24 மணிக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு இந்த நேர விதிகளில் சில பொருந்தாது, ஆனால் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும்.

பழைய துணி, மிஞ்சிய பிரியாணி, தீபாவளிப் பலகாரம் எதுவும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேராது. உடைந்த பாத்திரத்துக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. அறை கொடுத்திருந்தால் சம்பளத்தில் பத்து விழுக்காடு வரை பிடிக்கலாம். ஆனால் மழை ஒழுகாத கூரை, ஒரு ஜன்னல், பூட்டக்கூடிய கதவு, கழிப்பறையும் குளிக்கும் வசதியும் இருக்க வேண்டும். புல் வெட்டும் இயந்திரமும் பெயின்ட் டப்பாவும் அடுக்கிய பின்கட்டு அறைக்குப் பிடித்தம் கிடையாது.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு தந்திரம் நடக்கும்: தொகை ஏறியதும் 'இனிமே மூணு நாள் வந்தா போதும், அதே வேலையை முடிச்சிடு' என்பார்கள். குறைந்தபட்ச ஊதியத்தைத் தவிர்க்க ஒருதலையாக நேரத்தை வெட்டுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. புகார் கொடுக்க 90 நாள்.

காப்பீடும் விபத்தும்

வேலையின்மைக் காப்பீட்டு நிதி, எல்லோரும் சொல்வதுபோல் யூஐஎஃப். 2003 ஏப்ரல் முதல் வீட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. சம்பளத்தில் ஒரு விழுக்காடு தொழிலாளி, ஒரு விழுக்காடு முதலாளி. ஒருவரிடம் மாதம் 24 மணிக்குக் குறையாமல் வேலை செய்தால் பதிவு கட்டாயம். பதிந்திருக்கிறார்களா என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அடையாள எண்ணைக் கொடுத்தே பார்த்துவிடலாம், முதலாளியிடம் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்பவர் ஒரு வீட்டை இழந்தாலும் கோரலாம், முதலாளி இறந்து வேலை போனாலும் கோரலாம். தானாக விலகினால் கிடைக்காது. அதனால்தான் 'நானாகவே விலகுகிறேன்' என்று எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

விபத்து இழப்பீட்டின் கதை வேறு. 2012 மார்ச் 31 அன்று பிரிட்டோரியாவில் மரியா மஷ்லாங்கு, வேலை செய்த வீட்டின் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். 22 ஆண்டு உழைத்த வீடு, கண் பார்வை மங்கியவர். வீட்டுத் தொழிலாளருக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். மகள் சில்வியாவும் தென்னாப்பிரிக்க வீட்டுவேலை, சார் தொழிலாளர் சங்கமான சாட்சாவுவும் வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2020 நவம்பர் 19 அன்று தீர்ப்பு: விலக்கியது செல்லாது, 1994 ஏப்ரல் 27 முதலான விபத்துகளுக்கும் இது பொருந்தும். இனம், பால், ஏழ்மை என்ற பாகுபாடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதை அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. தலித் பெண்கள் இயக்கம் வேறு மண்ணில் சொன்னதும் இதுதான்.

நடைமுறையில், விபத்தை முதலாளி ஏழு நாளுக்குள் இழப்பீட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் நிதியில் பதியவே இல்லை என்பதால் தொழிலாளியின் உரிமை போகாது. மருத்துவமனையில் 'வீட்டில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிடுவார்கள். யாருடைய வீடு என்று அந்த அட்டையில் எழுத வைக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெய், வெளுப்பு ரசாயனம், ஏணி, நாய்க்கடி எல்லாமே வேலை விபத்து.

வேலையை விட்டு அனுப்பினால்: 30 நாள்

இந்த எண்ணை மேசையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நியாயமற்ற பணிநீக்கப் புகார் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்கிற சமரச, நடுவர் ஆணையத்துக்குப் போக வேண்டும். பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் அதில் அடங்கும். டிசம்பர் நடுவில் 'ஜனவரியில் கூப்பிடுறேன்' என்று அனுப்பிவிட்டுப் பிறகு போனை எடுக்காமல் இருப்பது இங்கே வாடிக்கை. வேலை எந்தத் தேதியில் போனது என்பதே அங்கே தகராறாகிவிடும். தாமதித்தால் காரணம் காட்டி மன்னிப்பு கேட்கலாம். கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

படிவம் எல்ஆர்ஏ 7.11. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிரப்பிய பிரதியை முதலில் முதலாளிக்குக் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியோடு ஆணையத்தில் சேர்க்க வேண்டும். இந்தப் படியை மறந்து திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். பதிவுத் தபால் ரசீது நல்லது. நேரில் கொடுத்தால் வாங்கியவரின் கையெழுத்து வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்ற இடத்தில் ஜூலு என்று எழுத மறக்காதீர்கள்.

விசாரணை நாளில் தொழிலாளி போகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். டாக்ஸிக் கட்டணத்தை முந்தின நாளே கையில் கொடுங்கள். உள்ளே போய் அவருக்காகப் பேசும் உரிமை அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகிக்கு உண்டு. ஆலோசனை மேசைக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொள்வது நல்லது. நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே சங்கத்தில் சேர்ப்பது பக்க வேலையல்ல, பாதி வேலை. நிறவெறிக் காலத்திலேயே சங்கம் கட்டி, பின்னாளில் உலக வீட்டுத் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவரான மிர்ட்டில் விட்பூய் தாமே வீட்டுவேலை செய்தவர். இந்த இயக்கத்தின் தலைமை சமையலறையிலிருந்து வந்தது. அதன் மைக்கை நாம் பிடுங்கக் கூடாது.

வேலை அனுமதி இல்லாத ஜிம்பாப்வே, லெசோத்தோ, மலாவிப் பெண்களும் ஆணையத்துக்குப் போகலாம். அனுமதி இல்லாததால் ஒருவர் தொழிலாளி இல்லாமல் போவதில்லை என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. ஆனால் 'போலீஸைக் கூப்பிடுவேன்' என்ற மிரட்டல் இருக்கும் இடத்தில், வழக்கு போடலாமா என்ற முடிவு அவருடையது, உங்களுடையதல்ல.

தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து வீட்டைத் தட்டித் திறப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்காரர் சம்மதமோ தொழிலாளர் நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் அவர் தனியார் வீட்டுக்குள் நுழைய முடியாது. இந்தத் துறையில் மீறல் இவ்வளவு வெளியே தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கியிருப்பவர் என்றால் பணிநீக்கத்தோடு அறையும் போகும் என்ற பயம். அறையைக் காலி செய்ய ஒரு மாத அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சொல்கிறது. பூட்டை மாற்றியிருந்தால், மூட்டையைத் தெருவில் வைத்திருந்தால், உடனே படமெடுத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். பிரமாண வாக்குமூலம் அங்கே இலவசம்.

கை வைத்தால்

சம்பளப் பேச்சு நடக்கும்போது, கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்று சொல்வார்கள்: 'அந்த வீட்டு அங்கிள்...' அப்போது பேனாவை வைத்துவிட்டு உட்காருங்கள். பலாத்காரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், துணியைத் துவைக்கக் கூடாது. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையில் துதுசேலா மையம் இருக்கிறது. மருத்துவம், காவல்துறை, ஆலோசனை மூன்றும் ஒரே இடத்தில். எந்நேரமும் கூப்பிட அரசின் பாலின வன்முறை உதவி எண் 0800 428 428. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தால் அது சம்பளத் தகராறு அல்ல, ஆள்கடத்தல் சட்டத்தின் கீழ் போகக்கூடிய குற்றம்.

சாதிக்கான கதவு

ஊரிலிருந்து சமையலுக்கோ குழந்தை பார்க்கவோ வந்த பெண்ணை, இன்ன சாதி என்று தெரிந்த நாளிலிருந்து பூஜையறைப் பக்கம் விடுவதில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லையே, என்ன செய்வது? 'பிறப்பு', 'சமூகப் பின்புலம்' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் அவற்றைத்தான் எழுத வேண்டும், சாதியை விளக்கமாகச் சேர்க்க வேண்டும். வேலை இடத்துப் பாகுபாடு என்றால் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் கீழ் சிசிஎம்ஏ, ஆறு மாதத்துக்குள். மண்டபம், வாடகை வீடு, கோயில் நிர்வாகம் போன்றவை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் இயங்கும் சமத்துவ நீதிமன்றம். அங்கேயும் வக்கீல் கட்டாயமில்லை. முதல் தோற்றத்தில் பாகுபாடு தெரிந்தால், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்புக்குப் போகும்.

சாதியை அறியாத அதிகாரியிடம் விளக்கும்போது வேதம், வருணம், மனு என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் அவர் கண் சொருகிவிடும். குவளையில் தொடங்குங்கள். தனிக் குவளை என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக்குள்

கடைசியாக, கடினமானது. இந்த ஊரில் தமிழர் பலர் முதலாளிகள். உங்கள் பெரியம்மாவிடம் பேச வேண்டிவரும்.

'குடும்பத்துல ஒருத்தி மாதிரிதான் வச்சிருக்கோம்' என்பார். 'அப்படின்னா தட்டு ஏன் தனியா இருக்கு, பெரியம்மா?' என்று நாக்கு நுனியில் வரும். விழுங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு ஜெயம், மறுவாரம் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும். முதல் சந்திப்பில் யூஐஎஃப் பதிவிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் யூஃபைலிங் தளத்தில் பதிந்துவிடலாம் என்று காட்டுங்கள், முடிந்தால் அங்கேயே உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். அடுத்து எழுத்து ஒப்பந்தம், மாதச் சம்பளச் சீட்டு. குறைந்த சம்பளத்துக்கு அபராதம், குறைத்த தொகையின் இரு மடங்கு அல்லது மாதச் சம்பளத்தின் இரு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. இதைச் சொன்னால் பெரியப்பாவும் செய்தித்தாளைக் கீழே வைப்பார். பாக்கியை ஒரே மூச்சில் கொடுக்க முடியாத ஓய்வூதியக் குடும்பம் என்றால் தவணையை எழுதிக் கையெழுத்து வாங்கலாம், தொழிலாளி ஒப்புக்கொண்டால் மட்டும். குவளைப் பேச்சு மூன்றாவது சந்திப்புக்கு. அதற்குள் பெரியம்மாவே அதை எங்காவது எடுத்து வைத்திருந்தால், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

வழக்கு முடிந்ததும் நோட்டு, ரசீது, அசல் காகிதம் எல்லாம் அவரிடமே திரும்பப் போக வேண்டும். உங்கள் போனில் இருக்கும் அடையாள அட்டைப் படங்களை அவர் முன்னாலேயே அழியுங்கள். வெற்றிச் செய்தியை முகநூலில் போடும் ஆசை வரும். அவர் பெயர், படம், தெரு எதுவும் வேண்டாம். அடுத்த வேலை தேடும்போது புதிய வீட்டுக்காரர் முதலில் அங்கேதான் தேடிப் பார்ப்பார்.